மாலத்தீவுப் பயணம்: 96 மணி நேரமா, 72 மணி நேரமா? குழப்பத்தைத் தீர்க்க உதவ வேண்டுகிறேன்

நொய்யல்கரை | 9 ஜனவரி 2022

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோவையில் வசிக்கிறோம். இந்த மாதம் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குக் கொச்சியிலிருந்து மாலேவுக்குச் செல்லவும், பிப்ரவரி 2ஆம் தேதி புதன்கிழமை பிற்பகலில் அங்கிருந்து திரும்பவும் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். நான், கணவர், 63 வயதான மாமியார், மகள் என்று நால்வர் போகிறோம். மகளுக்கு ஜனவரி 31 அன்று ஐந்து வயது நிறைகிறது. கடலைப் பார்த்தால் விட்டு வர மனமில்லாத குழந்தை என்பதால் பிறந்த நாளைத் தீவில் கொண்டாடலாம் என்று அக்டோபரிலேயே முடிவு செய்து, ஒரு ரிசார்ட்டில் பாதிப் பணமும் கட்டிவிட்டோம்.

அப்போது எளிதாகத் தெரிந்த பயணம் இப்போது நாளுக்கொரு விதமாக மாறிக்கொண்டிருக்கிறது. மாலத்தீவுக்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த, கொரோனா தொற்று இல்லை என்று காட்டும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைச் சான்று வேண்டும் என்கிறார்கள். இந்தியாவுக்குத் திரும்ப 72 மணி நேரம் என்கிறார்கள். இந்த மணிக்கணக்கு எதிலிருந்து எதுவரை? மாதிரி கொடுத்த நேரமா, முடிவு வந்த நேரமா? விமானம் புறப்படும் நேரமா, இறங்கும் நேரமா? இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்களுக்குச் சோதனையே வேண்டாம் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். மாமியார் போட்டுக்கொண்டது கோவாக்சின். அதை அங்கே ஏற்பார்களா என்பதும் தெரியவில்லை.

இவற்றுக்கு மேல், வெளிநாட்டிலிருந்து வரும் அனைவரும் ஏழு நாள் வீட்டுத் தனிமையில் இருந்து எட்டாம் நாள் மீண்டும் சோதனை செய்ய வேண்டும் என்ற மத்திய அரசின் புதிய விதி நாளை மறுநாள், 11ஆம் தேதி, நடைமுறைக்கு வருகிறது. கணவர் பணிபுரியும் நிறுவனத்தில் அத்தனை நாள் விடுப்புக் கிடைப்பது கடினம். இன்று இங்கே ஞாயிறு முழு ஊரடங்கு. வீட்டில் அமர்ந்து காலையிலிருந்து இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அண்மையில் போய் வந்தவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.


செங்காந்தள் | 9 ஜனவரி 2022, இரவு

வணக்கம், சகோதரி. நானும் மனைவியும் சென்ற நவம்பரில் இதே கொச்சி வழியாகப் போய் வந்தோம். நீங்கள் குழம்புவதற்குக் காரணம், இரண்டு நாடுகளின் விதிகள் ஒரே பயணத்தில் கலந்து கிடப்பதுதான். போவது மாலத்தீவின் விதி. திரும்புவது இந்தியாவின் விதி. இரண்டையும் வெவ்வேறு தாளில் எழுதிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

போகும்போது, மாதிரி கொடுத்த நேரத்திலிருந்து உங்கள் முதல் விமானம் புறப்படும் நேரம்வரை 96 மணிக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முடிவு வந்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் விமானத்துக்கு எண்ணினால் 24ஆம் தேதி திங்கள் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு எடுத்த மாதிரி செல்லும். ஆனால் 26ஆம் தேதி குடியரசு நாள் விடுமுறை என்பதைக் கவனியுங்கள். 25ஆம் தேதி செவ்வாய் காலையில் மாதிரி கொடுத்தால் அன்றிரவோ மறுநாளோ முடிவு வந்துவிடும். அதில் ஏதேனும் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள வியாழக்கிழமை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

பிழை வராது என்று எண்ண வேண்டாம். எங்களுக்கு வந்தது. நம் ஊர்ப் பரிசோதனைக்கூடங்களில் பெயரை முதலெழுத்தோடு எழுதுவதுதான் வழக்கம். என் மனைவியின் கடவுச்சீட்டிலோ தந்தையின் பெயர் முழுமையாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. சான்றில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து மட்டும் அச்சாகியிருந்தது; கடவுச்சீட்டு எண்ணிலும் ஓர் இலக்கம் மாறியிருந்தது. செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டையும் விரல் வைத்துப் பார்த்து, திருத்திய சான்று வந்தால்தான் போர்டிங் பாஸ் தர முடியும் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். வரிசையை விட்டு விலகி நின்று கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கே காலைப் பணியாளர் வந்து கணினியைத் திறந்து, திருத்தி, புதிய கோப்பை அனுப்பும்வரை நாங்கள் நின்ற நிலையை விவரிக்க முடியாது. கவுன்ட்டர் மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதுதான் அது வந்து சேர்ந்தது. ஆகவே மாதிரி கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் நகலைக் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். கூடத்தின் பெயர், முகவரி, மாதிரி எடுத்த தேதி ஆகியவை சான்றில் இருக்க வேண்டும். நேரமும் இருந்தால் கேள்வியே எழாது.

கோவாக்சின் பற்றிக் கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்று அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் கடவுச்சீட்டு எண்ணை இணைத்து, வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்றிதழைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சாலை வழியாகக் கோவைக்கு வருவீர்கள் என்பதால் வாளையார் சோதனைச் சாவடியிலும் அது உதவும்.

என்னைக் கேட்டால், ஆயத்தமாகப் போனால் பயப்பட ஒன்றுமில்லை, போய் வாருங்கள்.


தோணித்துறை | 10 ஜனவரி 2022

வணக்கம். நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவன். மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்புப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் தோணிகளில் இங்கே வந்திறங்குவது பழைய பழக்கம். இங்கும் படகைத் தோணி என்றே சொல்கிறார்கள். வந்த புதிதில் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஊர் நினைவு வந்துவிடும்.

முதலில் உங்கள் உறவினர் சொன்னதைத் தெளிவுபடுத்துகிறேன். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2021 ஏப்ரல் 20 முதல், இரண்டு தவணையும் போட்டு 14 நாள் கடந்த சுற்றுலாப் பயணிகளுக்குச் சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அதிக நாள் நிலைக்காமல், மே மாதத் தொடக்கத்திலேயே அந்த விலக்கு நீக்கப்பட்டது. அன்று வந்த செய்திகள் மட்டும் இன்றும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்றைய நிலையில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தவிர, சுற்றுலாவாக வரும் அனைவருக்கும் சான்று கட்டாயம். தடுப்பூசி போட்டிருந்தாலும் அதே விதிதான்.

இங்கேதான் உங்கள் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்தியாவின் விதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணத்துக்கு முந்தைய சோதனை வேண்டியதில்லை. மாலத்தீவின் விலக்கோ ஒரு வயதோடு நின்றுவிடுகிறது. ஆகவே வரும்போது குழந்தைக்குக் கட்டாயம் சோதனை வேண்டும். திரும்பும்போது வேண்டாம் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் 31ஆம் தேதி அவளுக்கு ஐந்து வயது நிறைந்துவிடுகிறது. 2ஆம் தேதி விமானம் ஏறும்போது அவள் விலக்குக்கு உரியவள் அல்லள். திரும்பும் பயணத்துக்கு 72 மணி நேரக் கணக்கு என்பதால் 30ஆம் தேதி பிற்பகலுக்குப் பிறகு மாதிரி கொடுக்க வேண்டும். முடிவு வர ஒரு நாள் விட்டால் 31ஆம் தேதி காலைதான் பொருத்தமான நேரம். பிறந்த நாள் காலையில் குழந்தையின் மூக்கில் குச்சி விட வேண்டியிருக்கும் என்று சொல்லவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதை விமான நிலையத்தில் வந்து தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சோதனையை ரிசார்ட்டிலேயே ஏற்பாடு செய்வோம். சில தீவுகளில் மாதிரியை ஸ்பீட் போட்டில் வேறு தீவிலுள்ள கூடத்துக்கு அனுப்ப வேண்டும். காற்றும் அலையும் கூடினால் படகு தாமதமாகும். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் ரிசார்ட் எந்த வகை என்பதை எழுதிக் கேட்டு, மாதிரி எடுக்கும் நேரத்தை இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டணம் ஊரில் கொடுப்பதைவிட நிச்சயமாகக் கூடுதலாக இருக்கும்; அதை நால்வருக்கும் பெருக்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இமுகா என்ற குடிவரவுத் துறையின் தளத்தில் சுகாதார உறுதிமொழிப் படிவத்தை வரும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள் மாலை நிரப்பினால் சரியாக இருக்கும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசின் தளம் அன்று. திரும்புவதற்கு இந்தியாவின் ஏர் சுவிதா தளத்தில் சோதனைச் சான்றைப் பதிவேற்ற வேண்டும். எங்கள் வரவேற்பறையில் பயணிகள் அதிகம் தவிப்பது இந்தப் பதிவேற்றத்தில்தான். கோப்பின் அளவு பெரிதாக இருந்தால் தளம் ஏற்காது. தீவில் இணையமும் எப்போதும் விரைவாக இருப்பதில்லை. கடவுச்சீட்டுப் பக்கங்களையும் சான்றிதழ்களையும் சிறிய கோப்புகளாக மாற்றி ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.


பாலாற்றங்கரை | 10 ஜனவரி 2022

மேலே இருவரும் விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் பணத்தைப் பற்றியும், உங்கள் மாமியாரைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்; செங்காந்தள் அவர்கள் போய் வரச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

2021 மே மாத இறுதியில் நாங்கள் போவதாக இருந்தது. செலவைக் குறைப்பதற்காக, மக்கள் வசிக்கும் தீவு ஒன்றில் விருந்தினர் இல்லத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தோம். ஏப்ரல் 27 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்கள் மக்கள் வசிக்கும் தீவுகளில் தங்கக் கூடாது என்று அறிவித்தார்கள். தனித்தீவு ரிசார்ட்டுகளுக்குத் தடை இல்லை என்பதால், கூடுதல் பணம் கொடுத்து ஒரு ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொண்டோம். அந்த மாற்றம் முடிந்து சில நாள்களுக்குள், மே 13 முதல் தெற்காசிய நாடுகளிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் அனைவருக்கும் விசா நிறுத்தப்பட்டது. ஜூலை 15 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். விருந்தினர் இல்லம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ரிசார்ட் பிறகு பயன்படுத்திக்கொள்ளும்படி வரவு வைத்தது. இடையில் இருந்த முகவர் தம் கட்டணத்தை எடுத்துக்கொண்டார். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நாங்கள் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தோம்.

பணம் கட்டிய நாளில் என்ன விதி இருந்தது என்பதை எந்த அரசும் பார்ப்பதில்லை. நீங்கள் எல்லையில் நிற்கும் நாளில் உள்ள விதிதான் உங்களுக்குரியது. எனவே மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், அரசின் விதி மாறினால் தேதியை மாற்றித் தருவார்களா, எத்தனை மாதம்வரை, அப்போது விலை கூடினால் வித்தியாசத்தை யார் ஏற்பார்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன உறுதி கடைசியில் நிற்பதில்லை.

அடுத்தது, திரும்புவதற்காக எடுக்கும் சோதனையில் ஒருவருக்குத் தொற்று என்று வந்தால் என்ன செய்வீர்கள்? கொரோனாவின் ஓமைக்ரான் வகை பரவும் வேகத்தில் இது நடக்காது என்று சொல்ல முடியாது. உங்கள் மாமியாருக்கு அப்படி வந்தால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. ஒருவர் உடன் தங்க வேண்டும், மற்றவர் குழந்தையோடு திரும்ப வேண்டும். தனிமை நாள்களின் அறை வாடகையை யார் தருவது? பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதை வரிக்கு வரி படியுங்கள். மருத்துவமனைச் செலவை ஏற்கும் பல திட்டங்கள், அறிகுறி இல்லாமல் அறையில் தனித்திருக்கும் செலவை ஏற்பதில்லை. இந்தியாவிலிருந்து வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை 2020 மார்ச் 23 முதல் நிறுத்தப்பட்டு, இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி குறைந்த எண்ணிக்கையில்தான் விமானங்கள் பறக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். தவறவிட்டால் மறுநாளே இடம் கிடைக்கும் என்று சொல்ல இயலாது.

மாமியாருக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் கவனியுங்கள்: அத்தகைய நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முன்னெச்சரிக்கைத் தவணை, அதாவது மூன்றாம் தடுப்பூசி, இன்றுதான் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் தவணை போட்டு ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான் அதைத் தருவார்கள். ஏப்ரல் நடுவிலோ அதற்குப் பிறகோ இரண்டாம் தவணை போட்டிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பயணத்தைத் தள்ளிவைக்க அது ஒன்றே போதிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.


தோணித்துறை | 11 ஜனவரி 2022

பாலாற்றங்கரை அவர்கள் சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இங்கே தொற்று உறுதியானவர்களை அறையிலோ அதற்கென ஒதுக்கிய இடத்திலோ வைத்து நன்றாகவே கவனிக்கிறோம். உணவைக் கதவருகே வைத்துவிட்டு, வேளைக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்போம். ஆனால் சென்ற வாரம், அப்படித் தங்கியிருந்த ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பத்தடி தூரத்தில் கடல். அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊரிலிருந்த பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். ரிசார்ட்டில் வேலை செய்பவன் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. முதியவரோடு வருவதென்றால் ஓரிரு மாதம் பொறுத்து வாருங்கள் என்பதுதான் என் மனத்தில் உள்ளது. இந்தக் கடல் எங்கேயும் போய்விடாது.


நொய்யல்கரை | 12 ஜனவரி 2022

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. குழந்தையின் வயதுக் கணக்கை நாங்கள் கொஞ்சமும் நினைத்துப் பார்க்கவில்லை. நேற்றிரவு நால்வரும் அமர்ந்து பேசினோம். மாமியாருக்கு நீரிழிவு இருக்கிறது. அவருடைய இரண்டாம் தவணை ஏப்ரல் இறுதியில் போடப்பட்டது. ஆகவே ஜனவரி இறுதியில்தான் ஒன்பது மாதம் நிறையும். கணவருக்கும் ஏழு நாள் தனிமைக்கு விடுப்புக் கிடைக்காது என்பது உறுதியாகிவிட்டது. எனவே தள்ளிவைக்க முடிவு செய்தோம். ரிசார்ட்டுக்கு எழுதினேன், ஒரு முறை தேதி மாற்ற ஒப்புக்கொண்டு, இந்த ஆண்டு செப்டம்பர்வரை அதே விலையைத் தருவதாக மின்னஞ்சலில் உறுதி கொடுத்திருக்கிறார்கள். விமானச் சீட்டில் ஒரு தொகை போகும், போகட்டும்.

மகளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கடல் அங்கேயே இருக்குமா என்று கேட்டாள். தோணித்துறை அண்ணன் எழுதிய வரியைத்தான் படித்துக் காட்டினேன்.


நொய்யல்கரை | 11 பிப்ரவரி 2022

ஒரு செய்தி. நேற்று மத்திய அரசு வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் ஏழு நாள் கட்டாய வீட்டுத் தனிமையும் எட்டாம் நாள் சோதனையும் நீக்கப்பட்டிருக்கின்றன. 14ஆம் தேதியிலிருந்து, வந்த பிறகு 14 நாள் உடல்நிலையைத் தாமே கவனித்துக்கொண்டால் போதும். மாமியார் சென்ற வாரம் முன்னெச்சரிக்கைத் தவணை போட்டுக்கொண்டார். மார்ச் 18ஆம் தேதிக்குப் புதிய நாள் குறித்திருக்கிறோம். மீதிப் பணத்தைப் புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்தான் கட்டுவோம் என்று எழுதிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.


தோணித்துறை | 14 மார்ச் 2022

சகோதரி, நேற்று, 13ஆம் தேதி, மாலத்தீவில் பொதுச் சுகாதார அவசரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. சுற்றுலாவாக வருபவர்களுக்கு இனிச் சோதனைச் சான்று தேவையில்லை. 15ஆம் தேதிக்குப் பரிசோதனைக்கூடத்தில் பதிவு செய்திருந்தால் நீக்கிவிடலாம். இமுகா படிவம் மட்டும் முன்போலவே வேண்டும். 17ஆம் தேதி மாலை மறக்காமல் நிரப்புங்கள். திரும்புவதற்கு உரிய இந்திய விதி அப்படியே இருக்கிறது. மகளுக்கு இப்போது ஐந்து வயது நிறைந்துவிட்டது, சோதனைக்குப் பதிலாகக் காட்டத் தடுப்பூசிச் சான்றும் இல்லை. ஆகவே திரும்புவதற்கு அவளுக்கு இங்கே சோதனை தேவைப்படும்.


நொய்யல்கரை | 14 மார்ச் 2022

மிக்க நன்றி, அண்ணா. திரும்பும் சோதனைக்கு நால்வருக்கும் சேர்த்தே ரிசார்ட்டில் நேரம் வாங்கிவிட்டோம். பெரியவர்களுக்குத் தேவையா இல்லையா என்று கடைசி நேரத்தில் கவுன்ட்டரில் நின்று விவாதிக்க எங்களுக்கு மனமில்லை. மாதிரி எடுப்பது 21ஆம் தேதி காலை. அதற்கு முந்தைய நாள் மாலையில் பிறந்த நாள் கேக்கை வெட்டிவிடுவோம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறோம். கடவுச்சீட்டில் உள்ளபடி நான்கு பெயர்களையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பையில் வைத்துவிட்டேன்.